மண்டூரில் ஒரு கிழமை நாள்

மண்டூர் முருகனுக்கு மந்திரம் சொல்லிப் பூசை செய்வதில்லை. பூசகரான கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே போவார். உள்ளே நடப்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. கதிர்காமத்தில் உள்ள அதே முறைதான். சின்னக் கதிர்காமம் என்று சனம் சொல்வதும் அதனால்தான். மட்டக்களப்பில் பிறந்த எனக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் போனதெல்லாம் ஆவணித் திருவிழாவுக்கு. கச்சான் கடை, காப்புக் கடை, காணாமல் போகும் செருப்பு. அந்த நெரிசலில் பூசை மௌனமாக நடந்தால் என்ன, சத்தமாக நடந்தால் என்ன?

இந்த முறை அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, திருவிழா இல்லாத ஒரு கிழமை நாளில் தனியாகப் போனேன். வீட்டில் நான் சாமி கும்பிடுவது, அடுப்பில் புட்டு வேகிற நேரத்துக்குள் முடிய வேண்டிய காரியம். விளக்கைக் கொளுத்தும்போதே மகனின் சப்பாத்து எங்கே என்று சத்தம் வரும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அங்கே ஒலிபெருக்கி. (முருகனுக்குக் காது கேட்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.)

களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். நான் குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில் ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே இருக்கும் எழுவான்கரையிலிருந்து மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போகிறது அது. அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க புள்ள மத்த ஆக்கள்?"

"தனியத்தான் வந்தனான் அம்மா."

"என்ன நேர்த்தியா?"

இல்லை என்றேன். அவருக்குத் திருப்தி வரவில்லை. வீட்டில் ஏதோ பெரிய பிரச்சினை, வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். "முருகன் பாத்துக்குவான் புள்ள" என்று கையைத் தடவிவிட்டுப் போனார். ஒரு பெண் காரணமில்லாமல் கோயிலுக்குப் போகக்கூடாதா என்று மனதுக்குள் கொஞ்சம் கோபம்தான்.

சூரனை அழித்த வேலின் கதிர்கள் உகந்தையிலும் திருக்கோவிலிலும் இங்கேயும் வந்து தங்கின என்பார்கள். இங்கே தங்கியது தில்லை மரத்தில். அதனால்தான் தில்லை மண்டூர். திருக்கோவிலில் பக்கத்திலேயே கடல். அலைச் சத்தத்தில் மனம் தானாகவே அதனோடு போய்விடும். மண்டூரில் அந்த உதவியும் கிடையாது.

அன்று உள்ளே ஏழெட்டுப் பேர்தான் இருந்திருப்போம். கப்புகனார் வந்தார். துணி மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. பின்தலையில் போட்ட முடிச்சின் ஒரு நுனி மட்டும் நீளமாகத் தொங்கி, அவர் நடக்கும்போது முதுகில் தட்டியது. திரை விலகி மூடியது. மணிச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

மற்றக் கோயில்களில் கண்ணுக்கு ஏதாவது வேலை இருக்கும். இன்றைக்கு என்ன சாத்துப்படி, மாலை யார் கொடுத்தது, தீபம் எத்தனை அடுக்கு என்று பார்க்கலாம். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். வீட்டில் உள்ளவர்கள் எல்லாருடையதையும் ஒப்பிப்பேன். ஒப்பித்து முடிந்ததும் கும்பிட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுவேன். இங்கே பார்க்கத் திரை மட்டும்தான். பெயரை யாரும் கேட்கவும் இல்லை. மனமோ சும்மா இருக்கவில்லை. காஸ் முடியப் போகிறது, மகளின் ரியூசன் காசு, நாளைக்கு மேசையில் காத்திருக்கும் பைல் என்று ஒவ்வொன்றாக வந்தன. துரத்தவில்லை, வரட்டும் என்று விட்டேன். அப்புறம் கேட்க வேண்டியவை வந்தன: அம்மாவின் முழங்கால், தம்பியின் விசா. அதையும் சொன்னேன். எல்லாம் சொல்லி முடிந்த பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பூசை இன்னும் முடியவில்லை.

அந்த மிச்ச நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். காட்சி எதுவும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான், இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். ஒன்றும் கேட்காமல் அவன் முன்னால் கடைசியாக எப்போது நின்றேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வந்து பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. விடியற்காலையில் பிள்ளைகள் எழும்புவதற்கு முன் விளக்கைக் கொளுத்திவிட்டு, புட்டை அவிக்காமல், போனை அறையிலேயே விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கிறேன். தேவாரம் பிறகு. முதலில் வீட்டுக் கவலைகள் எல்லாம் ஓடி முடிய வேண்டும். சில நாள் அது முடிவதற்குள் யாராவது எழும்பிவிடுவார்கள். சரி, அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆவணித் தீர்த்தத்துக்கு வழக்கம்போல எல்லாரும் போவோம். கச்சானும் வாங்குவோம், அதுவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் இன்னொரு கிழமை நாளில் நான் போகப்போகிறேன் என்றதும் மகள் தானும் வருகிறேன் என்றாள். "பூசை முடியும்வரைக்கும் வாய் திறக்காம இருப்பியா?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.