எப்படிச் சொன்னா நடக்குமோ அப்படி

"உங்களுக்கு எப்படிச் சொன்னா நடக்குமோ அப்படிச் சொல்லிக்குங்கக்கா."

நான் சொன்னது இவ்வளவுதான். 2023 பிப்ரவரியில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான எங்கள் பழைய மையத்தின் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்தில் நின்று சொன்னேன். கவுன்சிலர் அக்கா ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் பதினோரு மணிக்கு நகர்மன்றக் கூட்டம்.

அந்த மாடி வீட்டை மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் புகார். பதினான்கு பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் படி ஏறவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவின் வார்டில் பழைய தாய்சேய் நல விடுதிக் கட்டடம் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. தரைத்தளம், ஒரு வேப்பமரம், சுற்றுச்சுவர், கேட். எங்களுக்கென்றே கட்டியதுபோல இருந்தது. அதே கட்டடத்தைக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இன்னொரு வார்டு உறுப்பினர் கேட்டிருந்தார். அதுவும் நியாயமான தேவைதான், கோடையில் அந்தப் பக்கம் தண்ணீருக்குப் படும் பாடு எனக்குத் தெரியும்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய பிறகும், பல ஊர்களில் மனைவி பெயரில் ஜெயித்து வார்டைக் கணவர் பார்த்துக்கொள்வது நடக்கிறது. இவர் அப்படியில்லை. மனுவைத் தானே வாங்குவார், தானே படிப்பார், கூட்டத்தில் தானே எழுந்து பேசுவார். எங்களுக்காக அந்த மன்றத்தில் பேச முன்வந்தவரும் இவர் ஒருவர்தான்.

அன்று மாலை எங்கள் மையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பையன் அரிசித் தட்டில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "இது விளையாட்டா டீச்சர், பாடமா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"நாளைக்கு மத்தவங்க கேப்பாங்க. இங்க விட்டா புள்ளைங்களுக்குச் சரியாயிடுமான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

நான் விளக்கினேன். இது நோய் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பிறப்பிலிருந்தே இருப்பது, கூடவே வாழ்வது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம். பேச்சு வராத பிள்ளை படம் போட்ட அட்டையைக் கொடுத்துத் தண்ணீர் கேட்கப் பழகுவதே பெரிய விஷயம். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுது டீச்சர். அங்க ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல பேச விடமாட்டாங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

"நல்ல முன்னேற்றம் இருக்கும்னு சொல்லுங்க."

"முன்னேற்றம்னா எவ்வளவும்பாங்க. சரியாயிடும்னு சொல்லிக்கட்டுமா?"

அதற்குத்தான் அந்தப் பதில். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான முட்டுக்காடு தேசிய நிறுவனத்தில் பயிற்சி எடுத்த காலத்திலேயே முதலில் கற்றுக்கொண்டது, பெற்றோரிடம் குணமாகும் என்று ஒருபோதும் சொல்லக்கூடாது என்பதைத்தான். சொன்னதும் இல்லை. அன்று என் எதிரில் நின்றவர் பெற்றோர் இல்லை, கவுன்சிலர். அந்த வேறுபாடு அப்போது எனக்குப் போதுமான காரணமாகத் தெரிந்தது. பொய் சொல்லவில்லை, சொல்ல விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானம் சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை.

தீர்மானம் நிறைவேறியது. மூன்று வருடத்துக்கு அனுமதி, பெயரளவு வாடகை. நகல் கைக்கு வந்த அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். "ஆட்டிசம் நோயினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து முற்றிலும் குணப்படுத்தும் மையம் செயல்பட ஏதுவாக" என்று போகிறது அந்த வரி. அக்கா கூட்டத்தில் "சரியாயிடும்" என்று மட்டும்தான் பேசியிருக்கிறார். அது எழுத்தரின் கைக்குப் போனபோது "குணப்படுத்தும்" ஆகியிருக்கிறது. "முற்றிலும்" எந்த மேசையில் சேர்ந்தது என்று தெரியவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். கோப்பு கனமாக இருக்கட்டும் என்று சேர்த்திருப்பார்கள்.

தீர்மானத்தில் உள்ளபடியே போர்டு எழுதினார்கள். ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளில் திறப்பு விழா. ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் தீர்மானம் போட்டு அறிவித்த நாள் அது. அதுவும் தீர்மானம்தான், அதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் யாரோ உட்கார்ந்து வாதாடியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் விழாவில் நீல பலூன், பெரிய ஸ்பீக்கர், வாசலில் சரவெடி. வெடி வேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சொன்ன ஆளுக்கும் கொளுத்திய ஆளுக்கும் தொடர்பில்லை. "நம்ம ஊரை ஆட்டிசம் இல்லாத நகராட்சியாக மாற்றுவோம்" என்று மேடையில் பேசினார்கள். போலியோவை ஒழித்ததுபோல என்ற எண்ணம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் இடுப்பில் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தான். நான் தட்டியது அவனுக்கு மிக அருகில் கேட்டிருக்கும்.

அதோடு போயிருந்தால் இதை எழுத மாட்டேன். மேடைப் பேச்சு காற்றோடு போகும், போர்டு நிற்கும்.

அந்த ஜூனில் ஒரு குடும்பம் வந்தது. கிராமத்தில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, எங்கள் மையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வந்திருந்தார்கள். ஆறு வயதுப் பையன். அப்பா லாரி புக்கிங் ஆபீசில் வேலை தேடிக்கொண்டார். முதல் நாள் நான் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன். தலையாட்டினார். பையன் நன்றாகவே வந்தான்: ஐந்து மாதத்தில் தட்டில் தானே சாப்பிட்டான், கழிப்பறைக்குப் போக அட்டை காட்டினான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

எட்டாவது மாதம் அவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆட்டிசம் எந்த அளவு என்று பார்க்கும் ஐசா (ISAA) மதிப்பீட்டு அறிக்கை. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பையனுக்கு 118 போட்டிருந்தார்கள். 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"118-ல இருந்து 70-க்கு வர இன்னும் எத்தனை மாசம் ஆகும் டீச்சர்?"

அது அப்படி இறங்கும் கணக்கில்லை என்று சொன்னேன். எவ்வளவு உதவி தேவை என்று பார்க்கத்தான் அந்த எண் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. திரும்பி ஜன்னல் வழியாக வாசலைக் காட்டினார்.

"போர்டுல போட்டிருக்கே. அதப் பாத்துட்டுத்தானே வந்தோம்."

முதல் நாளே நான் சொன்னேனே என்றேன். "நீங்க வாயில சொன்னீங்க. அது கவர்மென்ட் போர்டு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அடுத்த மாதம் அவர்கள் வரவில்லை. ஸ்டெம் செல் ஊசி போடும் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று வேறொரு அம்மா சொன்னார். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. நான் அவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கள் போர்டைப் பார்க்காவிட்டாலும் அவர் அங்கே போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு சுவரிலேயே அப்படிப்பட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் குணமாகும் என்ற சொல்லை அரசாங்க முத்திரையோடு அவர் முதலில் பார்த்தது எங்கள் வாசலில்தான்.

அக்காவிடம் போய்ப் போர்டை மாற்ற வேண்டும் என்றேன். முழுக்கக் கேட்டார். "போர்டுல பெயின்ட் அடிச்சுடலாம் டீச்சர். அப்ப தீர்மானத்துல ஒண்ணு, போர்டுல ஒண்ணான்னு கேப்பாங்க. தீர்மானத்தைத் திருத்தணும்னா திரும்ப மன்றத்துல வைக்கணும். வெச்சா, குணமாகாதுன்னா எதுக்குக் கட்டடம்னு தண்ணி பிளான்ட்காரங்க எழுந்திருப்பாங்க. நான் ஒருத்தி எத்தனை பேர்கிட்டப் பேசறது?"

அவர் சொன்னது உண்மை. அப்போது பிள்ளைகள் இருபத்தாறு பேர் ஆகியிருந்தார்கள். வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டியிருந்தோம். அந்த ஊஞ்சல் இல்லாவிட்டால் காலையில் அமைதியாகவே ஆகாத பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். அந்த ஒரு சொல்லை எடுத்தால் ஊஞ்சலும் போகலாம். போர்டு அப்படியே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். இரண்டாவது முறையும் நான்தான் முடிவெடுத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். முதல் தடவையாவது படிக்குக் கீழே அவசரத்தில் வாயில் வந்தது. இது யோசித்து எடுத்த முடிவு.

எங்கள் மையத்தில் ஓர் இளைஞன் இருக்கிறான். வயது இருபத்திரண்டு. பேசுவது குறைவு, ஆனால் கண்ணில் படும் எழுத்தையெல்லாம் சத்தமாக வாசிப்பான்: பஸ்ஸின் பெயர், மருந்துச் சீட்டு, சுவரொட்டி எல்லாம். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று எங்கள் போர்டை முழுதாக வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். "முற்றிலும் குணப்படுத்தும் மையம்." அவன் குரலில் அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வேன். அந்த வரி அவனைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வானோ என்ற பயமும் இருக்கிறது.

சட்டத்துக்குள் ஒரு சொல் நுழைய எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தால் இன்னும் வலிக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன 7 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக, வேலை இடஒதுக்கீட்டிலும் பங்கோடு வந்தது. இருபது வருடம் பெற்றோர்கள் அலைந்து அந்தச் சொல்லை உரிமை என்ற பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் ஒரு மாலையில் அதை நோய் என்ற பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். எங்கள் ஊர் அளவில்தான், சரி. ஆனால் எங்கள் பிள்ளைகள் இந்த ஊரில்தானே வாழ்கிறார்கள்.

போன வருடம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் வந்தபோது, முதலில் எனக்கு போன் செய்தவர் அக்காதான். "நம்ம போர்டு வாசிக்கிற தம்பிக்கு வயசு ஆயிடுச்சில்ல? விண்ணப்பம் போடுவோமா?" என்றார். அந்த ஹாலில் மைக் சத்தம் அவனால் தாங்க முடியாதுக்கா என்றேன். "மைக்கை அமத்தச் சொல்லலாம். நாங்க கத்தாம பேசிப் பழகறோம்" என்றார். இந்த வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. அவன் அம்மா ஒத்துக்கொள்ளாததால் விண்ணப்பம் போடவில்லை. ஆனால் பல நாள் யோசித்தேன். அவன் அங்கே உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தால் எப்படி இருக்கும்? அக்காவால் இவ்வளவு தூரம் யோசிக்க முடியுமென்றால், அன்று "சரியாயிடும்னு சொல்லாதீங்கக்கா" என்று நான் மறுத்திருந்தால் வேறு வழி கண்டுபிடித்திருப்பாரோ? அவர் திறமையை நான்தான் குறைத்து எடைபோட்டேனோ? அல்லது இந்த மூன்று வருடம் பிள்ளைகளோடு பழகித்தான் இப்படி யோசிக்கிறாரோ, அதற்கு அந்தக் கட்டடம் தேவைப்பட்டதோ? இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது மூன்று வருட அனுமதி முடிகிறது. புதுப்பிக்க மனு கொடுக்க வேண்டும். மையத்தால் விளைந்த பயன் என்ன, எத்தனை குழந்தைகள் குணமடைந்துள்ளனர் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒருவன் தானே சட்டை போடுகிறான். ஒருத்தி வலித்தால் எங்கே என்று தொட்டுக் காட்டுகிறாள். ஒருவன் நகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான், அவன் டீச்சர் அவனுக்காக மணி அடிப்பதை நிறுத்திவிட்டு விரலைக் காட்டுகிறார். காதைப் பொத்திய பையனுக்குப் பன்னிரண்டு வயது, மழை வந்தால் ஊஞ்சலைக் கழற்றி உள்ளே வைப்பது இப்போது அவன் வேலை. குணமடைந்தோர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அந்த இடத்துல ஒரு நம்பர் கேக்கறாங்களே" என்றார். திங்கட்கிழமை தருகிறேன் என்று காகிதத்தைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன்.