உப்பு மண்ணுக்கு வேம்

உப்பு நிலம் என்றதும் எல்லோரும் ஜிப்சம் போடுவது பற்றியே பேசுகிறார்கள். வேம் (VAM) என்ற, வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சாணத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். வேருக்குள் குடியேறி, முடியைவிட மெல்லிய இழைகளை மண்ணில் நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொண்டுவரும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். உப்பு மண்ணில் கூடுதலாக ஒரு வேலையும் செய்கிறது. உப்பிலுள்ள சோடியம் இலைக்கு ஏறுவதைக் குறைத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறையப் போகவைக்கிறது. அதற்காக மண்ணிலிருக்கும் உப்பைத் தின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்களில் செய்ததைப் போல, உப்பை நல்ல தண்ணீரால் கழுவி வடிக்கத்தான் வேண்டும்.

மிளகாய், தக்காளிக்கு நாற்றங்காலிலேயே போடலாம். முட்டைக்கோஸ், கடுகுக்கு வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், அந்தக் குடும்பம் இதைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அப்புறம், மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டினால் பூஞ்சாணம் வேரில் சரியாகப் பிடிக்காது.