உலர்ந்த இலைக்குச் செம்பு முலாம்: இந்த முறை நுனி வரை பரவிவிட்டது

இலை முழுக்கச் செம்பு ஏறிவிட்டது! நரம்புகள் ஒன்றுவிடாமல் தெரிகின்றன. இதற்கு முன் போட்ட இலைகளில் கம்பி தொடும் காம்பருகே மட்டும் கரும்பழுப்பாகப் பொடி கட்டும், நுனிப்பக்கம், மின்சாரம் கடத்தப் பூசிய கிராஃபைட் கறுப்பாகவே நிற்கும். தேய்த்தால் பொடி விரலோடு வந்துவிடும்.

கரைசல் வழக்கமானதுதான்: மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), கந்தக அமிலம், காய்ச்சி வடித்த நீர். நேர்முனையில் செம்புத் தகடு, எதிர்முனையில் கிராஃபைட் பெயிண்ட் பூசிய இலை. சிக்கல் முழுவதும் ஆம்பியரில்தான்.

சதுர செ.மீ.க்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 40 சதுர செ.மீ. உள்ள என் இலைக்கு 0.8 ஆம்பியர் வரும். மேற்பரப்பு முழுவதும் உலோகமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். கிராஃபைட் பூச்சுக்கு மின்தடை அதிகம். ஆரம்பத்தில் மின்னோட்டம் காம்பைத் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை, 0.8 ஆம்பியரில் பெரும்பங்கும் அந்தச் சின்ன இடத்திலேயே இறங்கிவிடும். அங்கே செம்பு அயனிகள் வந்து சேர்வதற்குள் எலெக்ட்ரான்கள் குவிந்துவிடுகின்றன. அயனி பற்றாமல் போனதும் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும், படியும் செம்பு இறுகாமல் பொடியாகிவிடும்.

அதனால் இந்த முறை பவர் சப்ளையை மாறா மின்னோட்டத்தில் வைத்து 0.1 ஆம்பியரில் தொடங்கினேன். காம்பிலிருந்து இளஞ்சிவப்பு மெல்லப் படர்ந்தது. படரப் படர வோல்ட் மீட்டர் தானாக இறங்குகிறது, ஏனென்றால் கிராஃபைட் இருந்த இடத்தைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. வோல்ட் இறங்கி நின்ற பிறகே ஆம்பியரைக் கொஞ்சம் கூட்டினேன். நுனி வரை சிவந்த பிறகுதான் 0.8. பொறுமை வேண்டும், ஆனால் இதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எடை போட்டும் பார்த்தேன். ஃபாரடே விதிப்படி ஓர் ஆம்பியர்-மணிக்குச் செம்பு 1.186 கிராம் படிய வேண்டும். தராசு அதை ஒட்டியே காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி இலையைப் பார்த்தபோது வந்ததற்குக் குறைந்ததில்லை!

நேர்முனைக்குக் கிராஃபைட் கோல் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. செம்புத் தகடு என்றால் இங்கே கரைவது அங்கே படிகிறது, கரைசல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், குறைந்த வோல்ட்டே போதும். கிராஃபைட் வைத்தால் அங்கே கரையச் செம்பு இல்லை. மின்சாரம் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். அதற்குக் குறைந்தபட்சமே 0.9 வோல்ட் அளவுக்கு வேண்டும், நடைமுறையில் இன்னும் கூடுதல். போகப்போகக் கரைசலில் செம்பு குறையும், அமிலம் ஏறும்.

தகடு வாங்குகிறவர்கள் சிறிதளவு பாஸ்பரஸ் கலந்த முலாம் செம்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். தூய செம்பு நுண்ணிய கசடு விடும், அது இலையில் ஒட்டினால் முள்முள்ளாக முளைக்கும். நான் தகட்டுக்குப் பருத்தித் துணிப்பை மாட்டியிருக்கிறேன். மயில்துத்தமும் ஆய்வகத் தரத்தில் இருந்தால் வடிகட்டும் வேலை மிச்சம்.

அடுத்து ஓர் இரும்புச் சாவி. நேராக இந்தக் கரைசலில் போட்டால் மின்சாரமே இல்லாமல் இரும்பு கரைந்து செம்பு மேலே படியும், ஆனால் ஒட்டாது. முதலில் மெல்லிய நிக்கல் பூச்சு தர வேண்டும், நிக்கல் தகடும் தேடிக்கொண்டிருக்கிறேன். இலை இன்னும் முடியவில்லை: பூச்சு 26 மைக்ரான் அளவில் இருக்கிறது, குறைந்தது 100 வேண்டும். ஓரங்களில் மணிமணியாகத் திரளத் தொடங்கியிருப்பதால் 0.6-க்கு இறக்கி, கரைசலைக் கலக்கிவிட்டபடி ஓட்டுகிறேன்.