கூலன்ட் மீட்டர் மாட்டியதில் அளவும் எர்த்தும் படுத்திய பாடு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி இறங்கும் வண்டிக்கு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை எண்ணோடு காட்டும் கூலன்ட் மீட்டர் கட்டாயம் வேண்டும். சின்னக் கார்கள் பலவற்றில் கம்பெனி முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். முள் இருந்தாலும் பெரும்பாலும் 80 டிகிரியிலிருந்து 100 தாண்டும்வரை நடுவிலேயே நிற்கும். சிவப்பு எரிவதற்குள் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கு ஆபத்து வந்துவிடும்.

வயரிங் பெரிய வேலை இல்லை. இக்னிஷன் லைனுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி லைன் எடுக்கும் துண்டு), ஒரு எர்த், பார்க்கிங் லைட்டுக்கு ஒரு வயர். சூட்டை உணரும் சென்சாரின் வயர் மட்டும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர் குரோமெட் வளையம் வழியாகவே வரட்டும். இக்னிஷன் காயில் பக்கம் போகக் கூடாது.

இழுத்தடித்தது அடாப்டர். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் செருகும் அலுமினியக் குழாய் அது. சென்சார் அதன் 1/8 என்பிடி (குழாய் மரை அளவு) ஓட்டையில் உட்காரும். இது 28, 30, 32, 34 மி.மீ. என்று பல அளவில் வருகிறது. "சின்ன வண்டிக்கெல்லாம் ஒரே சைஸ்தாங்க, தைரியமா மாட்டுங்க" என்று கோயம்புத்தூர் கடையில் கொடுத்தது 32. வண்டியின் ஹோஸ் உள்விட்டம் 28. சோப்புத் தண்ணீர் போட்டாலும் ஏறாது. மாற்றித்தரக் கேட்டால் பாக்கெட் பிரித்தாகிவிட்டது என்கிறார்கள். மலையிறங்கிப் போன நாள் வீண், காசும் வீண். கடைக்குப் போகும் முன்பே ஹோஸின் ஒரு முனையைக் கழற்றி வெர்னியரில் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். வெளிவிட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ரப்பர் தடிமன் ஏமாற்றும். ஹோஸில் வளைவில்லாத பாகம் அடாப்டர் நீளத்துக்காவது வேண்டும், ஃபேனில் உரசக் கூடாது.

அடுத்தது எர்த். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். அடாப்டரோ இரு பக்கமும் ரப்பருக்குள் இருக்கிறது, பாடியைத் தொடுவதே இல்லை. முள் கீழேயே கிடக்கும்; மீட்டர் போச்சு என்று மெக்கானிக்கே சொல்வார். அடாப்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு வயர் இழுத்ததும் முள் எழுந்தது. மீட்டரின் எர்த்தையும் அதே இடத்தில் சேர்த்தால், ஹெட்லைட் போடும்போது முள் துள்ளாது. சென்சார் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால், அதனாலும் எர்த் அறுபடும். மரையில் கொஞ்சம் சீலன்ட் தடவினால் போதும். அலுமினியம் என்பதால் ஸ்பானரில் தொங்க வேண்டாம், விரிந்துவிடும். இரண்டு வயர் சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாட்டுமுன் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். ஊட்டியில் அது 100 காட்டாது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதிக்கிறது, குன்னூரில் 94 வாக்கில். இது தெரியாமல் நல்ல மீட்டரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் 98 டிகிரியில் ஓடும் இன்ஜினில் ஏன் கொதிப்பதில்லை? ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம். 0.9 பார் மூடி நன்றாக இருந்தால் ஊட்டியிலும் வெறும் தண்ணீரே 115 டிகிரி வரை தாங்கும். மூடி ரப்பர் தளர்ந்தால் சமவெளியைவிட மலையில் சீக்கிரம் பொங்கும். அதையும் கையோடு மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

ஹோஸ் வெட்டினால் ஒரு லிட்டருக்கு மேலும் கூலன்ட் போகலாம். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊட்டி உறைபனிக்கு வெறும் தண்ணீர் ஆகாது. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழ் சென்சாரில் நின்றால் எண் தாறுமாறாகும்.

குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நிமிடம் எண் ஏறாவிட்டால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) 82, 88 டிகிரி என்று திறந்த பிறகுதான் மேல் ஹோஸுக்குச் சூடு வரும். இப்போது குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஏசியோடு ஏறும்போது 100ஐத் தொடுகிறது, ஏசியை நிறுத்தினால் 94க்கு இறங்குகிறது. ஏறிக்கொண்டிருக்கும்போது எண் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூலன்ட் ஒழுகி சென்சார் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள், ஹோஸ் தொடும் சூட்டுக்கு வரும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.