சிம்ஸ் யாருன்னு 11 வருஷமா கேக்கவே இல்ல

நான் ஸ்டாஃப் நர்ஸ். கைனிக் ஓபி (பொம்பளைங்க நோய்க்கான பிரிவு), லேபர் ரூம், தியேட்டர்னு மாத்தி மாத்தி டூட்டி பாத்து 11 வருஷம் ஓடிருச்சு. காலைல வந்ததும் மொத வேலை ட்ரே செட் பண்றது. சிம்ஸ் ஸ்பெகுலம் (பிறப்புறுப்ப விரிச்சு உள்ள பாக்கற கருவி), கஸ்கோ, வல்செல்லம், ஸ்பாஞ்ச் ஹோல்டர், கிண்ணத்துல பஞ்சு... கண்ண மூடிட்டு அடுக்கிருவேன். படிக்கிற காலத்துலயே எனிமாவுக்கு பேஷண்ட்ட இடது பக்கமா ஒருக்களிச்சு வலது கால மடக்கி படுக்க வைக்கணும், அதுக்குப் பேரு சிம்ஸ் பொசிஷன், பரீட்சைல கேட்டாங்க எழுதினேன் மார்க்கும் போட்டாங்க. ஆனா சத்தியமா சொல்றேன், சிம்ஸ்ங்கறது ஒரு மனுசன் பேருன்னு எனக்கு ஒருநாளும் தோணல. ஏதோ சாமான் பேருன்னு நெனச்சுட்டே இருந்துட்டேன்.

போன மாசம் நைட் டூட்டி. கேஸ் ஒண்ணும் இல்ல. மூணு மணிக்கு கண்ணு சொக்குது, சரின்னு ஃபோன நோண்டிட்டு இருக்கேன், ஒரு சிலையோட ஃபோட்டோ வந்துச்சு. பழைய இரும்பு, தகரம்னு கிடைச்சதயெல்லாம் வெல்டிங் அடிச்சு செஞ்ச மூணு பொண்ணுங்க, கறுப்பினப் பொண்ணுங்க, நல்ல உசரம், பெரிய சிலை கிட்டத்தட்ட 15 அடி. அந்தப் பெரியவ வயித்த பாத்தா வயிறே இல்ல, வெறும் ஓட்டை, கர்ப்பப்பை இருக்க வேண்டிய எடத்துல ஒத்த சிவப்பு ரோஜா. இன்னொருத்தி தலைல கிரீடம். என்னடா டிசைன் இதுன்னு பெருசு பண்ணி பாத்தா ஸ்பெகுலம்! அப்பறம் தேடித் தேடி பாத்தா கத்திரி, ஊசின்னு எல்லாமே கிடக்கு. எனக்கு தூக்கமே போயிருச்சு. என் ட்ரேயத் தூக்கிட்டுப் போய் யாரோ சிலை செஞ்ச மாதிரி இருந்துச்சு.

செஞ்சவங்க பேரு மிஷெல் ப்ரவுடர். அமெரிக்கால அலபாமா மாகாணம், மான்ட்கோமரி ஊரு, 2021ல வச்ச சிலை. மூணு பொண்ணுங்க பேரு அனார்க்கா, லூசி, பெட்ஸி. சிலைக்கு அவங்க வச்ச பேரு 'கைனகாலஜியின் தாய்மார்கள்'. ஏன் இப்படி ஒரு பேருன்னா, கைனகாலஜியோட தந்தைன்னு சொல்லி ஏற்கனவே ஒருத்தர வச்சிருக்காங்க. அவர்தான் நம்ம சிம்ஸ். ஜே. மேரியன் சிம்ஸ்.

இந்த ஆளு 1840கள்ல அதே மான்ட்கோமரில டாக்டரா இருந்தாரு. அங்க அப்ப அடிமை முறை இருந்த காலம். அனார்க்கா ஒரு அடிமைப் பொண்ணு, 17 வயசு, மூணு நாளா பிரசவ வலி, குழந்தை எறங்கல, கடைசில சிம்ஸ கூப்பிட்டு ஃபோர்செப்ஸ் (இடுக்கி) போட்டு எடுத்திருக்காங்க. அதுக்கப்பறம் அவளுக்கு ஃபிஸ்டுலா. தெரியாதவங்களுக்கு சொல்றேன், குழந்தை தலை எறங்காம ஒரே எடத்துல மாட்டி நாள்கணக்கா அழுத்தினா மூத்திரப்பைக்கும் பிரசவப் பாதைக்கும் நடுவுல சதை ரத்தம் இல்லாம செத்து உதுந்து ஓட்டை விழுந்துரும். அப்பறம் அடக்கவே முடியாது, ராத்திரி பகல் மூத்திரம் ஒழுகிட்டே இருக்கும், தொடை எல்லாம் வெந்து போகும், நாத்தம்னு சொல்லி யாரும் பக்கத்துல வரமாட்டாங்க. நான் ஒரே ஒரு கேஸ் பாத்திருக்கேன், அந்தம்மா பஸ்ல உக்காந்து 9 வருஷம் ஆச்சுன்னு சொன்னாங்க. நின்னுட்டே வருவாங்களாம்.

இந்த மாதிரி பொண்ணுங்கள மொதலாளிங்ககிட்ட கேட்டு வாங்கி சிம்ஸ் தன் வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஆஸ்பத்திரி மாதிரி கட்டி வச்சிருக்காரு. டீலிங் என்னன்னா சோறு நான் போடறேன், வரியும் துணிமணியும் நீங்க பாத்துக்கோங்க. இத அவரே எழுதி வச்சிருக்காரு. 1845ல இருந்து 1849 வரைக்கும் ஆபரேஷன் மேல ஆபரேஷன். அனார்க்கா ஒருத்திக்கு மட்டும் சுமார் 30 தடவ. மயக்க மருந்து கிடையாது. ஈதர் 1846லயே பாஸ்டன்ல எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டியாச்சு, ஆனா அதுக்கெல்லாம் பிறகு 1857ல சிம்ஸ் ஒரு பேச்சுல சொல்றாரு, மயக்கம் குடுக்கற அளவுக்கு இந்த ஆபரேஷன் ஒண்ணும் வலி இல்லயாம். அதே ஆளுதான் லூசி துடிச்சது பயங்கரமா இருந்துச்சுன்னும் எழுதியிருக்காரு. மூத்திரம் வடியறதுக்கு உள்ள ஸ்பாஞ்ச் வச்சிருக்காரு, அது இறுகிப் போய், இன்ஃபெக்‌ஷன் ஆகி, லூசி சாகக் கிடந்து எழுந்திருக்கா. ஸ்பெகுலம் எப்படி வந்துச்சுன்னா சாப்பாட்டு ஸ்பூன வளைச்சு செஞ்சதாம். நான் அத படிச்சிட்டு எதுக்கால அலமாரில இருந்த ஒண்ண எடுத்து பாத்தேன். ரெண்டு பக்கமும் வாத்து மூக்கு, நடுவுல குழி. ஆமா, ஸ்பூன்தான்.

கடைசில வெள்ளிக் கம்பில தையல் போட்டு 1849ல அனார்க்காவுக்கு ஓட்டை மூடிருச்சு. சிம்ஸ் நியூயார்க் போனாரு, 1855ல பொம்பளைங்க ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு, பெரிய ஆளாயிட்டாரு. மொத்தம் ஏழு பொண்ணுங்க இருந்திருக்காங்க போல, பேரு கிடைச்சது மூணு பேருக்குத்தான். அந்த மூணு பேர் வாயால சொன்ன ஒரு வரி கூட எங்கயும் இல்ல.

இதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு. அந்தக் காலத்துல ஃபிஸ்டுலாவுக்கு வேற வழியே இல்ல, அந்தப் பொண்ணுங்களே ஆபரேஷன் வேணும்னு கேட்டிருப்பாங்கன்னு சொல்றவங்க உண்டு. அந்த பஸ்ஸுல நின்னுட்டே வந்த அம்மாவ பாத்ததால எனக்கு இத சும்மா தள்ளிவிட முடியல. கேட்டிருப்பாங்கதான். ஆனா வேண்டாம்னு சொல்ல முடியாத ஒருத்தி வேணும்னு சொன்னா அத எந்த கன்சென்ட் ஃபாரத்துல எழுதறது?

ஆனா என்ன ரொம்ப உலுக்குனது வேற. ஆபரேஷன் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனதும் கூட இருந்த டாக்டருங்க எல்லாம் கழண்டுட்டாங்க. அப்ப சிம்ஸ் அந்தப் பொண்ணுங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்து அசிஸ்டன்ட் ஆக்கிட்டாரு. இன்னிக்கு இவ மேசை மேல, அவ பிடிச்சுக்குவா. நாளைக்கு அவ மேசை மேல, இவ பிடிச்சுக்குவா. அப்ப அவங்க பேஷண்ட் மட்டும் இல்ல, தியேட்டர் நர்ஸ். என் வேலைய மயக்க மருந்தே இல்லாம பாத்தவங்க.

நானும் பிடிச்சிருக்கேன். ட்ரெய்னிங்ல இருந்தப்ப, எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், லேபர் ரூம்ல கத்துற பொண்ணோட கால அமுக்கிப் பிடிடின்னு சீனியர் சொன்னாங்க, பிடிச்சேன். தொடைல பளார்னு ஒரு அடி விழுந்துச்சு, "அப்ப மட்டும் இனிச்சுதா"ன்னு ஒரு கேள்வி வேற. நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு என் கையத்தான் பிடிச்சுட்டு இருந்தா, அடிச்சது யாருன்னு பாக்காம என் முகத்தயே பாத்தா. 19 வயசு எனக்கு. அவளுக்கும் அவ்ளோதான் இருக்கும்.

ப்ரவுடர் சிலைக்கு மூலம் ஒரு ஓவியமாம். 1950கள்ல ராபர்ட் தாம்னு ஒரு ஓவியர் ஒரு மருந்துக் கம்பெனிக்காக மருத்துவ சாதனைகள்னு வரிசையா வரைஞ்சு குடுத்ததுல சிம்ஸும் ஒண்ணு. கோட்டு போட்ட டாக்டருங்க நிக்கிறாங்க, ஒரு பொண்ணு மேசை மேல முட்டி போட்டு உக்காந்திருக்கா, திரைக்குப் பின்னாடி ரெண்டு பேர் எட்டிப் பாக்கறாங்க. ஒரு சொட்டு ரத்தம் இல்ல, எல்லாம் சலவை பண்ண மாதிரி. ப்ரவுடர் ஆர்ட் ஸ்டூடண்டா இருந்தப்ப இதப் பாத்திருக்காங்க, மனச விட்டுப் போகல, பல வருஷம் கழிச்சு வெல்டிங் கத்துக்கிட்டு இந்த மூணு பேர எழுப்பியிருக்காங்க. திரைக்குப் பின்னாடி இருந்தவங்க இப்ப வெயில்ல நிக்கிறாங்க.

இன்னொருத்தர் டோரீன் கார்னர். இவங்க ரகம் வேற, பாத்தா சாப்பாடு எறங்காது, சிலிக்கான்ல சதை மாதிரியே செய்வாங்க. 2017ல ப்ரூக்ளின்ல சிம்ஸ் சிலையோட நகல சிலிக்கான் தோலா செஞ்சு, கறுப்பினப் பெண்கள் சேந்து அதுக்கு ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ணாங்க. அதே ஆபரேஷன், அவரு மேலயே. எனக்கு படத்துல பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா கண்ண எடுக்கவும் முடியல. பழி வாங்கறதுன்னு தோணுச்சு, தப்புன்னு தோணல.

அதே 2017 ஆகஸ்ட்ல நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்துல இருந்த சிம்ஸ் சிலை முன்னாடி நாலஞ்சு பொண்ணுங்க ஆஸ்பத்திரி கவுன் போட்டு, அடிவயித்துல இருந்து சிவப்பு பெயிண்ட் வழிய நின்னாங்க. அந்த ஃபோட்டோ எங்கெங்கயோ சுத்துச்சு. 1894ல வச்ச சிலைய 2018 ஏப்ரல்ல எறக்கிட்டாங்க. மான்ட்கோமரில அலபாமா சட்டசபை வளாகத்துலயும் சிம்ஸுக்கு ஒரு சிலை இருக்கு, அத யாரும் அசைக்கல. ப்ரவுடரோட மூணு பேரும் அதே ஊர்லதான்.

விடியக்காலம் ஆயாம்மா டீ கொண்டு வந்தாங்க. 30 வருஷ சர்வீஸ், என் ட்ரே சாமான் எல்லாம் கழுவி ஆட்டோகிளேவுக்கு (ஆவில கிருமி கொல்ற மெஷின்) அனுப்புறது அவங்கதான். ஃபோட்டோவ காமிச்சு கதைய சுருக்கமா சொன்னேன். கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க, கிரீடத்துல விரல வச்சு "இது நம்ம சிம்ஸுதான?"ன்னாங்க. ஆமான்னேன்.

"முப்பது ஆபரேசனு. அத்தனக்கும் சாமானும் துணியும் யாரு அலசிப் போட்டா? அதுவும் இந்தப் புள்ளைங்கதான?"

எனக்கு அது தோணவே இல்ல.