யாழ்ப்பாணத்தில மொடல் றெயின் ஓட்ட எந்த ஸ்கேல் வேண்டலாம்?

மொடல் றெயில்வே தொடங்கோணும், எந்த ஸ்கேல் (உண்மையான றெயினை எத்தினை மடங்கு சின்னனாக்கினது எண்ட அளவு) நல்லது எண்டு யூடியூப்பில தேடினா கனக்க வீடியோ வரும், ஆனா அதில கதைக்கிற ஆக்கள் எல்லாரும் கடைக்குப் போய் வேண்டிக்கொண்டு வரக்கூடிய நாடுகளில இருக்கினம். இஞ்ச எங்களுக்கு சாமான் வாறது சொந்தக்காரற்ற சூட்கேசுக்குள்ளதான். அதால உங்கட ஆக்கள் எந்த நாட்டில இருக்கினமோ அந்த நாட்டு ஸ்கேலைப் பாத்துத் தொடங்குங்கோ எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது.

லண்டனில மாமா சித்தப்பா ஆரும் இருந்தா ஓ.ஓ. அது 1:76, எண்டா உண்மையில 76இல ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். ஹோர்ன்பி, பாக்மன் கொம்பனியள் எல்லாம் இதுதான். புது எஞ்சின் ஒண்டு இப்ப 150 பவுண்ஸுக்கு மேல போகுது, பவுண்ஸ் 400 ரூபா எண்டு வைச்சாலும் 60,000, எங்கட சம்பளத்துக்கு அது சரியான காசு. ஆனா இங்கிலாந்தில செக்கன்ட் ஹான்ட் சாமான் குவிஞ்சு கிடக்கு, பழைய ஹோர்ன்பி எஞ்சின் 30, 40 பவுண்ஸுக்கும் எடுக்கலாம். ரொறன்ரோவில ஆக்கள் இருந்தா எச்.ஓ, 1:87, தண்டவாளம் அதே 16.5தான், அதால ரண்டையும் ஒரே பாதையில ஓட்டலாம். கனடாவில இருந்து செற்றா வந்தா ஒண்டைக் கவனியுங்கோ, அதோட வாற பவர் பாக் 120 வோல்ற்றுக்கு செய்தது, எங்கட 230இல நேர குடுத்தா எரிஞ்சுபோம். வோல்ற்றைக் குறைக்கிற ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒண்டு போடுங்கோ, இல்லாட்டி அதை விட்டிட்டு 230க்கு செய்த கொன்ரோலரா ஒண்டு எடுங்கோ.

ஜேர்மனி, சுவிஸ் ஆக்கள் அன்பா மார்க்லின் கொம்பனிச் சாமான் கொண்டுவருவினம். அதுவும் எச்.ஓதான், பெட்டியிலயும் அப்பிடித்தான் போட்டிருக்கும், ஆனா அந்தத் தண்டவாளத்தைக் கையில எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, நடுவில சிலிப்பர் கட்டையளுக்கு மேல குண்டூசித் தலை மாதிரி சின்னச் சின்ன முனையள் தெரியும். கரன்ற் அதாலதான் வருது, எஞ்சினுக்கு அடியில நீளமா ஒரு தகடு இருக்கு, அது அந்த முனையளை உரசிக்கொண்டு போகும். சில்லு ரண்டு பக்கமும் ஒண்டுக்கொண்டு இன்சுலேற் பண்ணாதபடியா சாதாரண ரண்டு தண்டவாள டி.சி (நேரோட்டக் கரன்ற்) பாதையில வைச்சா ஷோர்ட் ஆகிடும். நல்ல பாரமான, உறுதியான சாமான், நான் குறை சொல்லேல்ல, ஆனா மார்க்லின் எடுத்தா முழுக்க மார்க்லினாத்தான் போகோணும். அங்கத்தைய ஆக்களிட்ட கேக்கேக்க ரோக்கோ இல்லாட்டி பிளைஷ்மன், ரண்டு தண்டவாள டி.சி எண்டு தெளிவாச் சொல்லுங்கோ.

'என்' (N) ஸ்கேல் இடத்துக்கு வலு நல்லது. தண்டவாளம் 9 மில்லிமீற்றர், 1:160, பிரிட்டிஷ் சாமான் 1:148. எச்.ஓவுக்கு ஒரு சுத்து வட்டம் போட பெரிய பிளைவூட் பலகை ஒண்டு வேணும், 'என்' எண்டா எழுதுற மேசை காணும். யப்பானில கேற்றோ, ரோமிக்ஸ் எல்லாம் அருமையாச் செய்யினம். ஆனாலும் நான் இஞ்ச அதைச் சொல்லுறதில்ல. கடல் காத்து, உப்பு, செம்மண் புழுதி, இதெல்லாம் சின்னச் சில்லில பிடிச்சா கரன்ற் அறும், எஞ்சின் பாரமில்லாதபடியா பொயின்ற்ஸ் (பாதை பிரியிற இடம்) தாண்டேக்க நிண்டிடும், அதைக் கழட்டித் துப்பரவாக்கக் கண்ணும் கையும் வேணும், பார்ட்ஸ் இஞ்ச இல்லை.

ரி.ரி, 1:120, ஹோர்ன்பி 2022இல தொடங்கினது. அளவு எனக்கு நல்லாப் பிடிக்கும், ஆனா செக்கன்ட் ஹான்டில குறைவு, கொஞ்சம் பொறுக்கலாம். இசட், 1:220, எங்கட பட்ஜெற்றுக்கு வேண்டாம். ஜி ஸ்கேலை எங்கட பெரிய வளவுகளில பனைக்குக் கீழால ஓட விட்டா எவ்வளவு வடிவா இருக்கும், ஆனா ஒரு எஞ்சின் வேண்டுற காசில ஓ.ஓ லேஅவுட் ஒண்டையே முடிச்சிடலாம்.

இனி எனக்கு முக்கியமான விசயம். எனக்கு வேண்டியது யாழ்தேவி. 1956இல ஓடத் தொடங்கி, 1990இல சண்டையால நிண்டு, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள்ள போய், 2014 ஒக்ரோபரில திரும்ப யாழ்ப்பாணம் வந்த றெயின். பெரிய கொம்பனியள் ஒண்டும் இலங்கை எஞ்சின் செய்து விக்கிறதில்ல, கொழும்புத் திட்டத்தில கனடாவில இருந்து வந்த எம்2 டீசல் எஞ்சினை நாங்களாத்தான் மட்டையிலயோ பிளாஸ்ரிக் ஷீற்றிலயோ வெட்டி ஒட்டோணும். எங்கட பாதை அகலப் பாதை, 1676 மில்லிமீற்றர். அதை 1:87இல செய்தா 19 மில்லிமீற்றருக்கு மேல வரும், அதை 16.5இல ஏத்தினா வண்டி ஒடுக்கமான பாதையில நிக்கிற மாதிரித் தெரியும். ஆனா 1:100 எண்டு கணக்குப் போட்டுப் பாருங்கோ, 16.76! கடையில விக்கிற ஓ.ஓ, எச்.ஓ தண்டவாளத்துக்கு கால் மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆரின்ர கண்ணுக்கும் தெரியாது. ஸ்ரேசனில ஒரு மீற்றர் எண்டால் மேசையில ஒரு சென்ரிமீற்றர், அடிமட்டம் ஒண்டு காணும். கட்டட மொடல் செய்யிற ஆக்கள் பாவிக்கிற மனிசர், மரம் எல்லாம் 1:100இல வருது. இதைக் கண்டபிறகு எனக்கு வேற ஸ்கேலில மனம் போகேல்ல.

அதால லண்டனுக்குச் சொல்லியனுப்பேக்க நான் கேக்கிறது நல்லா ஓடுற பழைய டீசல் எஞ்சின் ஒண்டு, மேல் கூடு உடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல, சசி, எண்டா மோட்டரும் சில்லும் உள்ள அடிப்பாகம்தான் வேணும், அதோட நிக்கல் சில்வர் தண்டவாளம். பழைய செற்றுகளில ஸ்ரீல் தண்டவாளம் வரும், எங்கட காத்துக்கு அது கெதியா கறள் பிடிக்கும். காந்தம் ஒண்டை வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, ஒட்டினா வேண்டாம். வளைக்கக்கூடிய பிளெக்ஸி தண்டவாளம் விலை குறைவுதான், ஆனா ஒண்டு 914 மில்லிமீற்றர் நீளம், சூட்கேசுக்குள்ள போகாது, செற்றுத் துண்டுகளாக் கேளுங்கோ, உடுப்புக்கு நடுவில வைச்சாலே வந்திடும்.