வால் கீழே

செய்தி வந்தபோது பின்னிரவு இரண்டு மணி. நான் பைனாகுலரோடு வெளியில் நின்றேன். பழைய மாணவர் குழுவில் ஒரே ஒரு வரி: "லென்ஸ் மாஸ்டர் போய்விட்டார்." போன் வெளிச்சத்தில் கண் கூசியது. இருட்டுக்குக் கண் பழக அரை மணித்தியாலம் வேண்டும், கெடுவதற்கு ஒரு நொடி போதும். இதைச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

ஓய்வுக்காலத்தை எப்படிக் கழிக்கிறோம் என்று எழுதச் சொல்லித்தான் பழைய மாணவர் சங்க மலர்க் குழு கேட்டிருந்தது. குழு மன்னிக்கட்டும், நான் எங்கே தொடங்கினாலும் பெளதிகம் படிப்பித்த அந்த மாஸ்டரிடம்தான் போய் முடிகிறது. அவருடைய சொந்தப் பெயரை எழுதினால் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது.

1974 தை மாதம். விடுதியில் இரவுப் படிப்புக்கான பிரெப் மணி அடிக்குமுன் எங்கள் வகுப்பு விடுதிப் பெடியன்களை அவர் மைதானத்துக்கு இறக்கினார். முந்திய வருடம் கண்டுபிடிக்கப்பட்ட கொஹூடெக் வால்வெள்ளி, நூற்றாண்டின் வால்வெள்ளி என்று பத்திரிகைகளில் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. வந்தபோது அது எவ்வளவு மங்கலாக வந்தது என்பது பிறகு உலகத்துக்கே தெரிந்த கதை. அன்று மேற்கில் மெல்லிய முகில் வேறு. மாஸ்டர் கொப்பியை விரித்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். "கண்டியா?" "ஓம் சேர்." "நீ?" "ஓம் சேர்." காணவில்லை என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

என் முறை வந்ததும் நான் ஓமோடு நிற்கவில்லை. "நல்ல வடிவாத் தெரிஞ்சது சேர். வால் கீழே, நிலத்தைத் தொடுமாப்போல." அவர் நிமிர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் முதற்பாடத்தில் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அடிவானத்தைக் கீறச் சொன்னார், அதற்குக் கீழே மறைந்த சூரியனை, மேலே வால்வெள்ளியை. "வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம். இப்ப நேற்று நீ கண்ட வாலைக் கீறு." சோக்கட்டி கையில் ஈரமாகிவிட்டது. மேல்நோக்கிக் கீறினால் நேற்றுப் பொய், கீழ்நோக்கிக் கீறினால் இன்று முட்டாள். பின்வாங்கிலிருந்து எவனோ "வால் கீழே!" என்று கத்தினான். பள்ளிக்கூடம் விடும்வரை அதுதான் என் பெயர். சங்க ஒன்றுகூடலில் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கூப்பிடுகிறவனுக்கு மூன்று பேரப்பிள்ளைகள்.

சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயர்களுக்கு நேரே "கண்டான், கண்டான்" என்றிருந்தது. கடைசி வரியில் அவருடைய பெயர். "காணவில்லை. முகில்." காணவில்லை என்பதும் ஒரு குறிப்புத்தான் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். எனக்கு அது அப்போது ஏறவில்லை. அவமானம் காதை அடைத்திருந்தது. அதற்குப் பிறகு பெளதிகத்தில் நான் நன்றாகத்தான் செய்தேன், அவருக்குக் காட்டவேண்டும் என்ற கோபத்தில். நாடு விட்டு வந்ததிலும் அந்தக் கோபத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

நாற்பது வருட வேலை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. மூன்றாம் மாதத்துக்குள் வீட்டிலுள்ள கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுத் தீர்த்தேன். "இஞ்சருங்கோ, இனி என்ர முழங்கால்தான் மிச்சம்" என்றாள் மனைவி. மகள் பைனாகுலர் வாங்கித் தந்தது அந்த வாரம்தான்.

ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்களுக்கென்று 1911 இலேயே அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, சுருக்கமாக AAVSO. எந்த நாட்டவரும் பார்த்ததை எழுதி அனுப்பலாம். அவர்களுடைய வரைபடத்தில் பக்கத்து நட்சத்திரங்களின் ஒளி அளவு போட்டிருக்கும். 98 என்றால் 9.8, எண் கூடக்கூட மங்கல். புள்ளி வைத்தால் அதுவும் நட்சத்திரம் என்று மயங்கிவிடுமாம், அதனால் வைப்பதில்லை. சிவப்பு டோர்ச்சில் படத்தைப் பிடித்து, எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று ஒப்பிட்டு எழுதவேண்டும். நேரே பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும்.

நான் காவல் நிற்பது டி கொரோனே போரியாலிஸ் என்ற இரட்டை நட்சத்திரத்துக்கு. வீங்கிப்போன ஒரு செம்பெரு விண்மீனிலிருந்து பக்கத்திலுள்ள வெண்குள்ளன் என்ற சின்ன, அடர்ந்த விண்மீன்மேல் வாயு விழுந்து குவிந்து, ஒருநாள் வெடிக்கும். 1866 இல் வெடித்தது, 1946 இல் வெடித்தது, அடுத்தது இந்த வருடங்களில் என்கிறார்கள். வெடித்தால் சில நாளைக்கு வெறுங்கண்ணுக்கே தெரியும். லெஸ்லி பெல்டியர் என்ற அமெரிக்கர் அதற்காக இருபத்தைந்து வருடம் காவல் இருந்தார். 1946 மாசியில் ஒருநாள் விடியப்புறம் எழும்பித் தொண்டை கரகரக்கிறதே என்று திரும்பப் படுத்தார். அன்றைக்குத்தான் வெடித்தது! அதிலிருந்து எனக்குத் தடிமன் என்றாலே பயம்.

இரண்டு வருடமாக நான் அனுப்புவதெல்லாம் ஒரே குறிப்பு: 9 ஐவிட மங்கல், காணவில்லை. அதற்கு முன்னால் போட ஒரு சிறு குறிகூட வைத்திருக்கிறார்கள். முதல் தரம் அதைத் தட்டியபோது கரும்பலகை முன்னால் வந்து நின்றது. வேறொரு கண்டத்தில் ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவர் இதே நட்சத்திரத்துக்கு நிற்கிறார். முகம் பார்த்ததில்லை. நான் இரண்டு இரவு எழுதாவிட்டால் "சுகமா?" என்று கேட்பார். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் என்னை அப்படி யாரும் தேடியதில்லை.

செத்தவீடு முடிந்தபின் மாஸ்டரின் மகள் அவருடைய கொப்பிப் பக்கம் ஒன்றைக் குழுவில் போட்டாள். பென்சன் எடுத்தபிறகு எழுதியது. பெயர்கள், எதிரே பாகை. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது, ஏனென்றால் அதற்காக அவர் பெடியன்களுக்கு எழுதிய கடிதம் எனக்கும் வந்தது. துருவ நட்சத்திரம் உங்கள் இடத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பாகைமானியும் நூலும் கல்லும் போதும், அளந்து எழுதவும் என்று கேட்டிருந்தார். எங்கள் மைதானத்தில் அது மரங்களுக்குள் புதைந்து கிடக்கும். வடக்கே போகப் போக உயரும், அந்த உயரப் பாகைதான் அகலாங்கு, பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்ற கணக்கு. சிதறிப்போன பெடியன்கள் ஒவ்வொருத்தனும் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று நட்சத்திரத்தை வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார் மனிதர்.

கடிதம் வந்த அன்று எனக்கு இரட்டை ஷிப்ட். அடுத்த கிழமை என்று வைத்தேன். பள்ளிக்கூட ஆய்வுகூட நிதிக்குக் காசோலை அனுப்பியதும் பதில் போட்டமாதிரி ஒரு நிம்மதி வந்துவிட்டது.

பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எதிரே, அதே சாய்ந்த எழுத்தில்: "காணவில்லை."

போன கிழமை பேரனின் பாகைமானியை எடுத்துக்கொண்டு வெளியில் போனேன். மனைவி டோர்ச் பிடித்தாள். நூல் காற்றில் ஆடியது. 51 என்றாள். திரும்பப் பிடித்தேன், 52 என்றாள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.